எந்த மோடில் வைப்பது?

புதிதாக ஏவி ரிசீவர் (டிவி, ப்ளேயரிலிருந்து வரும் ஒலியைப் பிரித்துப் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்) வாங்கியவர்கள் போன் செய்தால் அநேகமாக ஒரே கேள்விதான். "அண்ணா, எந்த மோடுல வெச்சா நல்லா இருக்கும்?" நானும் ஒரே எதிர்க்கேள்வியைத்தான் கேட்பேன். "இப்ப உள்ள என்ன வருது?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "டிவிலேர்ந்து வருது" என்பார்கள்.

ரிமோட்டில் சவுண்ட் மோடு பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஸ்டீரியோ, டைரக்ட், ப்யூர் டைரக்ட், டால்பி சரவுண்ட், டிடிஎஸ் நியூரல் எக்ஸ், மல்டி சேனல் ஸ்டீரியோ, ராக் அரீனா, ஜாஸ் கிளப், மோனோ மூவி, வீடியோ கேம்... இது டெனான். யமஹாவில் ஹால் இன் மியூனிக், ஹால் இன் வியன்னா, செல்லார் கிளப் என்று வேறொரு ஊர்வலம். ஒன்கியோவில் ஆர்கெஸ்ட்ரா, அன்பிளக்டு, ஸ்டூடியோ மிக்ஸ். எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதால் எல்லாம் ஒரே வகை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் இவை செய்யும் வேலைகளுக்குள் சம்பந்தமே கிடையாது. சில மோடுகள் வந்த சிக்னலை அப்படியே பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும். சில, இரண்டு சேனலில் (அதாவது இரண்டு தனி ஒலித்தடங்களில்) வந்ததை ஐந்தாகவோ ஏழாகவோ ஊகித்துப் பிரிக்கும். சில, பதிவில் இல்லாத எதிரொலியைத் தாங்களே சேர்க்கும். இன்னும் சில, ரிசீவர் வழக்கமாகச் செய்யும் வேலைகளை நிறுத்தி வைக்கும். இதில் எது வேண்டும் என்பதை முடிவு செய்வது உள்ளே வரும் சிக்னல்.

அதனால் முதலில் தொட வேண்டியது இன்ஃபோ பொத்தான். இப்போது வரும் ரிசீவர்கள் எல்லாமே உள்ளே வரும் சிக்னல் என்ன, எத்தனை சேனல், வெளியே எந்த மோடில் போகிறது என்று திரையில் காட்டும். அதில் "பிசிஎம், 2 சேனல்" என்று இருந்தால், நீங்கள் பார்க்கும் படம் அட்மாஸ் (தலைக்கு மேலேயும் ஒலி வரும் டால்பி முறை) என்று ஓடிடி ஆப் சொன்னாலும் சரி, ரிசீவருக்கு வந்தது ஸ்டீரியோதான். இந்த இடத்தில் மோடை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் "பிசிஎம்" என்று இருக்கும். அதை "ஆட்டோ" அல்லது "பாஸ்த்ரூ" என்று மாற்ற வேண்டும். தெரிந்தவர்கள் வீட்டில் நான் தீர்த்துவைத்த "ரிசீவர் சரியில்லை" புகார்களில் பாதி இந்த ஒரு மாற்றத்தோடு முடிந்திருக்கின்றன.

கேபிளும் ஒரு கைபார்க்கும். ஆப்டிக்கல் கேபிளில் ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத நேரடி டிஜிட்டல் ஒலி) போகும், 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) டால்பி டிஜிட்டலோ அதன் போட்டி முறையான டிடிஎஸ்ஸோ போகும். அதற்கு மேல் போகாது. ஓடிடி அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் ப்ளஸ் என்ற பொட்டலத்துக்குள். அதற்கு, டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் ஹெச்டிஎம்ஐயின் சாதாரண ஆர்க் இணைப்பே போதும். ப்ளூரே டிஸ்க்கின் ட்ரூஹெச்டி அட்மாஸ்தான் ஆர்க்கில் ஏறாது. அதற்கு ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் வேண்டும், இல்லையென்றால் ப்ளேயரை நேரடியாக ரிசீவரில் செருக வேண்டும். ஆப்பிள் டிவி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு பதற்றம். அது 5.1 ஒலியைத் தானே பிரித்து, பல சேனல் பிசிஎம்மாக அனுப்பிவிடும். டிஸ்ப்ளேயில் டால்பி என்ற பெயரே வராமல் "மல்டி சேனல் இன்" என்று வரும். பதற வேண்டாம், ஆறு சேனலும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சரி, 5.1 அல்லது அட்மாஸ் ஒழுங்காக உள்ளே வந்துவிட்டது என்றால் மோடு பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. டால்பி டிஜிட்டல் வந்தால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் வந்தால் டிடிஎஸ், அட்மாஸ் வந்தால் அட்மாஸ். யமஹாவில் "ஸ்ட்ரெய்ட்" என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது. மிக்ஸிங் அறையில் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து, ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அதற்கு மேல் நாம் ஒரு மியூனிக் ஹாலைக் கவிழ்க்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே ஸ்பீக்கர் மாட்டியிருந்து, வருவது வெறும் 5.1 என்றால் மட்டும் ஒரு விதிவிலக்கு: மேல் ஸ்பீக்கர்கள் சும்மா இருக்க வேண்டாம் என்று டால்பி சரவுண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். நியூரல் எக்ஸ் இந்த விஷயத்தில் இன்னும் தாராளமாக ஒலியை மேலே தூக்கும். மழையும் இடியும் இருக்கும் படத்துக்கு அது கொண்டாட்டம். நான்கு பேர் வீட்டுக்குள் பேசிக்கொண்டே இருக்கும் படத்தில் மின்விசிறியின் ஓசை கூரையில் ஏறி நின்று தொந்தரவு செய்யும்.

உண்மையில் சுவாரசியமான இடம், வெறும் இரண்டு சேனல் வரும் இடம்தான். பழைய படங்கள், யூடியூப், பாட்டு, கிரிக்கெட், சீரியல் எல்லாம் இங்கேதான் வருகின்றன. நம் வீடுகளில் அதிக நேரம் ஓடுவதும் இவைதான்.

இரண்டு சேனலிலிருந்து பின்னால் ஒலி எப்படி வருகிறது? இதைப் புரிந்துகொள்ள ரிசீவரே தேவையில்லை. அசெம்பிள் ஆம்ப் கட்டும் ஆட்களுக்குத் தெரிந்த ஒரு பழைய தந்திரம் உண்டு. ஆம்ப்பின் இடது பக்க ப்ளஸ், வலது பக்க ப்ளஸ் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டுவார்கள். மைனஸைத் தொடவே மாட்டார்கள். அந்த ஸ்பீக்கரில் பாடகரின் குரல் ஏறக்குறைய காணாமல் போய், வயலின் கூட்டமும் கோரஸும் எதிரொலியும் மட்டும் கேட்கும். (இப்போதைய பல சிப் ஆம்ப்களில், குறிப்பாக பிரிட்ஜ் அவுட்புட் உள்ளவற்றில், இதைச் செய்து பார்க்காதீர்கள், புகை வரும்.) காரணம் எளிது. பாடகர் நடுவில் நிற்க வேண்டும் என்றால் அவர் குரல் இரண்டு சேனலிலும் ஒரே அளவில், ஒரே ஃபேஸில் (அலையின் ஏற்ற இறக்கம் ஒன்றாக) இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் அது அடிபட்டுப் போகும். இரண்டிலும் வேறு வேறாக இருப்பது மட்டுமே மிஞ்சும். அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் டேவிட் ஹாஃப்லர் பெயரால் வழங்கும் சர்க்யூட் இதுதான். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான "ப்ரோலாஜிக் போர்டு" பலவும் இந்தக் கழித்தல் கணக்கை ஒரு ஐசியில் போட்டுக் கொடுப்பவைதான். பெயர் மட்டும் கம்பீரமாக இருக்கும்.

டால்பி 1970களில் செய்தது இதே கணக்கைத் திருப்பிப் போட்டது. இடது, வலது, நடு, பின்பக்கம் என்று நான்கு சேனலை, படச்சுருளின் ஓரத்தில் இருந்த இரண்டு ஒலிக்கோடுகளுக்குள் அடைத்தார்கள். வசனத்தை இரண்டு கோட்டிலும் ஒரே ஃபேஸில் வைத்தார்கள். பின்பக்க ஒலியை ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் வைத்தார்கள். தியேட்டரில் இருக்கும் பெட்டி கூட்டியும் கழித்தும் நான்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு இது 1982இல் "டால்பி சரவுண்ட்" என்ற பெயரில் வந்தது. அது வெறும் கழித்தல்தான். 1987இல் வந்த ப்ரோலாஜிக், எந்தப் பக்கம் ஒலி ஓங்கியிருக்கிறது என்று கணத்துக்குக் கணம் பார்த்து அந்தப் பக்கம் திருப்பிவிடக் கற்றுக்கொண்டது, நடு ஸ்பீக்கரையும் கொண்டுவந்தது. அப்போதும் பின்பக்கம் மோனோதான், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. 2000இல் ஜிம் ஃபாஸ்கேட் வடிவமைத்த ப்ரோலாஜிக் 2 வந்த பிறகுதான் பின்பக்கமும் ஸ்டீரியோவாக, முழு அலைவரிசையோடு கேட்கத் தொடங்கியது. என் காதுக்கு, சாதாரண ஸ்டீரியோ பாட்டை நம்பி ஒப்படைக்கலாம் என்ற நிலை அதில்தான் வந்தது.

2014இல் அட்மாஸ் ரிசீவர்கள் வந்தபோது ப்ரோலாஜிக் பெயரை எடுத்துவிட்டு, புது அப்மிக்ஸருக்கு (குறைந்த சேனலை அதிக சேனலாக விரிக்கும் மோடுக்கு) மறுபடியும் "டால்பி சரவுண்ட்" என்றே பெயர் வைத்தார்கள். 1982இல் வைத்த அதே பெயர். இதனால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. டிஸ்ப்ளேயில் "டால்பி சரவுண்ட்" என்று பார்த்ததும் "ஆஹா, டால்பி வந்துவிட்டது" என்று மகிழ்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் வந்தது ஸ்டீரியோ, மற்றதை ரிசீவர் ஊகிக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். "டால்பி டிஜிட்டல்", "டால்பி அட்மாஸ்" போன்ற பெயர் வந்தால்தான் டால்பி உள்ளே வருகிறது.

ஊகம் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். 80களிலும் 90களிலும் டால்பி ஸ்டீரியோவில் மிக்ஸ் செய்த படங்களின் இரண்டு சேனல் ஒலிக்குள் அந்த எதிர் ஃபேஸ் கணக்கு இன்னும் புதைந்து கிடக்கிறது. டிவியில் ஸ்டீரியோவாக வந்தாலும் டால்பி சரவுண்டைப் போட்டால் காற்றும் கூட்டமும் ரயிலும் பின்னால் போய் உட்காரும். அங்கே ரிசீவர் எதையும் கற்பனை செய்யவில்லை. மிக்ஸ் செய்தவர் வைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. ஆனால் டிடிஎஸ் படங்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. 1993இல் ஜுராசிக் பார்க்கோடு வந்த டிடிஎஸ்ஸில், அதற்கென்று சுருளில் இருந்தது நேரக் குறியீடு மட்டும்; ஆறு சேனல் ஒலி தனியாக சிடியில் ஓடியது. நம் ஊர்த் தியேட்டர் வாசலில் நட்சத்திரங்களின் பெயருக்குச் சமமாக "டிடிஎஸ்" என்று எழுதி வைத்திருந்த காலம் நினைவிருக்கும். அந்தப் படங்களை இன்று டிவியில் பார்க்கும்போது கேட்பது பிற்பாடு யாரோ இரண்டாக மடித்த பிரதி. மடித்தவர் கவனமாக மடித்திருந்தால் விரியும், இல்லாவிட்டால் சுருங்கியே கிடக்கும்.

யூடியூபில் வேறு ஒரு தொல்லை. பிட்ரேட் குறைவான ஒலிக்கோப்புகளில் இடது வலது வித்தியாசத்தைத்தான் முதலில் சிக்கனம் செய்வார்கள். பின் ஸ்பீக்கர்களின் பிழைப்பே அந்த வித்தியாசத்தில்தான். அதனால் பின்னாலிருந்து "ஸ்" "ச" ஒலிகள் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல உரசிக்கொண்டு வரும். அப்படிக் கேட்டால் அப்மிக்ஸரை நிறுத்திவிட்டு ஸ்டீரியோவுக்குப் போவதே நல்லது.

இதற்கு நேர் எதிரான வெற்றி கிரிக்கெட். வர்ணனையாளர் குரல் இரண்டு சேனலிலும் ஒன்றுபோல் இருக்கும், அது நடு ஸ்பீக்கருக்குப் போகும். கூட்டத்தின் இரைச்சல் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும், அது பக்கவாட்டிலும் பின்னாலும் பரவும். சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கத்துவார்கள். அப்மிக்ஸர் என்றால் என்ன என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் படம் போடுவதில்லை, மேட்ச்தான் போடுகிறேன்.

இனி பாட்டு. என் அப்பா கேட்பதெல்லாம் கே.வி. மகாதேவன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள். ஒரு தடவை ரிசீவர் டால்பி சரவுண்டில் நின்றிருந்தபோது போட்டுவிட்டு, "என்னடா இது, பொட்டிக்குள்ள உட்கார்ந்து பாடறாங்க. இவ்வளவு ஸ்பீக்கர் எதுக்கு வாங்கின?" என்றார். அவர் சொன்னது துல்லியமான கண்டுபிடிப்பு. அந்தப் பாட்டுகள் மோனோ. இரண்டு சேனலிலும் நூற்றுக்கு நூறு ஒரே ஒலி. கழித்தால் பூஜ்யம், ஆகவே பின்னால் ஒன்றும் போகாது. முழுப் பாட்டும் நடு ஸ்பீக்கருக்குள் அடைந்துவிடும். டிவிக்குக் கீழே படுத்திருக்கும் அந்தச் சிறிய பெட்டிக்குள் டி.எம்.எஸ். குரல் எப்படி அடங்கும்? ஸ்டீரியோ மோடில் போட்டால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடும், குரல் நடுவில் நிமிர்ந்து நிற்கும். மோனோவைக் கேட்க ஸ்டீரியோ மோடு என்பது கேட்க வினோதமாக இருந்தாலும் அதுதான் சரி. "மோனோ மூவி" என்று ஒரு மோடு இருக்கிறதே என்றால், அது மோனோ படத்துக்கு எதிரொலி பூசிப் பரப்புவதற்காக வைத்தது. பழைய படத்தின் வசனத்துக்கு அதைப் போட்டுப் பாருங்கள், வீரபாண்டிய கட்டபொம்மன் குகைக்குள்ளிருந்து பேசுவார்.

இன்னொரு ரகம் இருக்கிறது: பழைய மோனோ பாட்டை எடுத்து, இடதையும் வலதையும் சற்றே பிசகவைத்து "ஸ்டீரியோ" என்று வெளியிட்டவை. இவற்றை அப்மிக்ஸரில் விட்டால் பி. சுசீலாவின் குரல் ஒரு வரியில் முன்னாலும் அடுத்த வரியில் முதுகுக்குப் பின்னாலும் அலையும். தாழ்ந்த சுருதி ஓரிடம், உயர்ந்த சுருதி வேறிடம். இதற்கும் ஸ்டீரியோ ஒன்றே மருந்து.

80களுக்குப் பிறகு வந்த நல்ல ஸ்டீரியோ பதிவுகளில்தான் நானும் என் நண்பர்களும் ஒத்துப்போவதில்லை. அப்மிக்ஸரில் போட்டால் வயலின்கள் அறையைச் சுற்றிக்கொள்ளும், கோரஸ் பின்னால் நிற்கும். முதல் தடவை கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறை. பாடகர் நடு ஸ்பீக்கருக்குள் போய்விடுவதால் குரலின் உடம்பு மாறிவிடுகிறது. பழைய ப்ரோலாஜிக் 2 மியூசிக்கில் "சென்டர் விட்த்" என்று ஒரு அமைப்பு இருந்தது; குரலில் எவ்வளவு நடுவுக்கு, எவ்வளவு இரு பக்கத்துக்கு என்று படிப்படியாகப் பிரித்துக்கொள்ளலாம். இப்போதைய டால்பி சரவுண்டில் "சென்டர் ஸ்ப்ரெட்" என்று ஒரே ஒரு ஆன்–ஆஃப்தான். போட்டு வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் பாட்டு என்றால் என் கை ஸ்டீரியோவுக்குத்தான் போகிறது.

"அப்ப ப்யூர் டைரக்ட்?" என்று உடனே கேட்பார்கள். பெயரில் "ப்யூர்" இருப்பதால் அதன் மேல் ஒரு பக்தி. அந்த மோடு டிஸ்ப்ளேயை அணைக்கும், டோன் கண்ட்ரோலை நிறுத்தும், அறைக்கு ஏற்ப மைக் வைத்து அளந்து செய்த திருத்தங்களையும் நிறுத்தும். பல மாடல்களில் சப்வூஃபரும் நின்றுவிடும். தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் சரி. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் சப்பும் வைத்திருப்பவர் இதைப் போட்டு ஒரு கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பி காணாமல் போயிருக்கும். பாதி மிருதங்கத்தைக் கேட்டுவிட்டு "எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

எதிரொலி சேர்க்கும் மோடுகளை எல்லாரும் கேலி செய்வார்கள், நான் கொஞ்சம் தயங்குவேன். யமஹா 1986இல் டிஎஸ்பி-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது அது விளையாட்டாகச் செய்த வேலையாக இருக்கவில்லை. உண்மையான அரங்குகளில் ஒலி எந்தச் சுவரில் பட்டு எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று அளந்து, அந்தக் கணக்கைச் சில்லுக்குள் வைத்தார்கள். பெயர்களில் இருக்கும் ராக்ஸி தியேட்டரும் பாட்டம் லைனும் நிஜமான இடங்கள். ஒன்று லாஸ் ஏஞ்சலீஸில், மற்றது நியூயார்க்கில் இருந்த கிளப். எதிரொலியே இல்லாமல் காய்ந்துபோய்ப் பதிவான தனி வீணைக்கு ஒரு சேம்பர் மோடு, அளவைப் பாதியாகக் குறைத்து வைத்தால், அழகாகத்தான் இருக்கிறது. மயிலாப்பூர் சபா ஹால் என்று ஒரு மோடு வந்தால் முதலில் வாங்குவது நானாகத்தான் இருக்கும். கேன்டீன் சத்தத்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் சரி. ஆனால் படத்துக்கு இவை வேண்டாம். படத்தின் ஒலியில் அந்தந்த அறையின் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றைச் சேர்த்தால் வசனம் குழையும்.

மல்டி சேனல் ஸ்டீரியோவை ரசனை கெட்டவர்களின் மோடு என்று திட்டுவது ஒரு வழக்கம். இடது பக்க ஒலியை இடது பக்கம் இருக்கும் எல்லா ஸ்பீக்கருக்கும், வலதை வலது பக்கம் முழுவதுக்கும் அனுப்பும், அவ்வளவுதான். வீட்டில் பத்துப் பேர் கூடியிருக்கும்போது, சமையலறைக்கும் கூடத்துக்கும் ஆட்கள் நடந்துகொண்டிருக்கும்போது, இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. எங்கே நின்றாலும் பாட்டு கேட்கும், ஒரு மூலையில் மட்டும் காது கிழியாது. உட்கார்ந்து படம் பார்க்கும்போது மட்டும் வேண்டாம், கதாநாயகி முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவாள்.

கடைசியாக, மோடு பிரச்சினையே இல்லாத ஒரு மோடு பிரச்சினை. "வசனம் கேக்க மாட்டேங்குது, சண்டை வந்தா பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டறார்." எல்லா வீட்டிலும் இது இருக்கிறது, எங்கள் வீட்டில் என் மனைவி சொல்வது. இதற்காக மூவி, டிராமா, டயலாக் என்று மோடுகளில் தேடுவார்கள். தியேட்டர் அளவுகோலில், சராசரி அளவுக்கான சோதனை ஒலி ஒரு சேனலுக்கு 85 டெசிபல், உச்சம் 105, சப்புக்கு உச்சம் 115. ரிசீவரை மைக் வைத்து அளந்திருந்தால் வால்யூமில் 0 என்பது ஏறக்குறைய அந்த அளவு. நாம் வீட்டில் –25, –30இல் கேட்கிறோம். அங்கே முணுமுணுப்பு மின்விசிறி சத்தத்துக்குக் கீழே போய்விடும். இதற்குச் செய்ய வேண்டியவை வேறு. நடு ஸ்பீக்கரின் அளவை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். இரவில் நைட் மோடையோ டைனமிக் வால்யூமையோ போட்டு மேட்டையும் பள்ளத்தையும் நெருக்கலாம். ஆடிசி (மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும் மென்பொருள்) உள்ள ரிசீவர்களில் டைனமிக் ஈக்யூ என்று ஒன்று, வால்யூம் குறையக் குறைய பேஸையும் பின் ஸ்பீக்கர்களையும் தூக்கிவிடும். படத்துக்கு அது நன்று. சீரியலுக்கும் பாட்டுக்கும் அதன் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை (இந்தத் தூக்கலைக் குறைக்கும் அமைப்பை) 10 அல்லது 15 டெசிபலில் வைக்காவிட்டால் பேஸ் ஊதிக்கொள்ளும்.

ஒவ்வொரு தடவையும் இத்தனையையும் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. டெனானில் க்விக் செலக்ட் என்று நான்கு பொத்தான்கள் உண்டு. மராண்ட்ஸில் ஸ்மார்ட் செலக்ட், யமஹாவில் சீன். இன்புட், மோடு, வால்யூம் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டுப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் நினைவில் ஏறிவிடும். இப்போதைய டெனான்களில் ஆடிசி அமைப்பும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலி அளவும்கூட ஏறும். எங்கள் வீட்டில் ஒன்று படத்துக்கு, வந்த சிக்னல் வந்தபடி. இரண்டு அப்பாவின் பாட்டுக்கு, ஸ்டீரியோ. மூன்று இரவுக்கு, நடு ஸ்பீக்கர் ஏற்றி, டைனமிக் வால்யூமோடு. நான்கு கிரிக்கெட். இப்போது யாரும் என்னிடம் மோடு கேட்பதில்லை, "ரெண்ட அமுக்கு" என்கிறார்கள். ஃபேக்டரி ரீசெட் செய்தால் இவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால், நான்கின் அமைப்புத் திரைகளையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.